நீந்தத் தெரியாத ஃபோர்மேன்

பேரனோடு உட்கார்ந்து, 2022-இல் வந்த 'ஆண்டோர்' தொடரின் பத்தாவது பகுதியைப் பார்த்தேன். தண்ணீர் நடுவே சிறை. மேஜைக்கு ஏழு பேர், அறைக்கு ஏழு மேஜை, 12 மணி நேர ஷிப்டு. பின்தங்கும் மேஜைக்கு மின்சாரத் தண்டனை. ஃபோர்மேன் கினோவும் கைதிதான். கடைசியில் எல்லோரையும் கிளப்பி வெளியேற்றுகிறான். அவனுக்கோ நீந்தத் தெரியாது.

"அவன் தப்பினானா?" என்றே பார்த்தவர்கள் பலரும் கேட்டார்கள், பேரனும் கேட்டான். எனக்குப் பட்டது வேறு. அதுவரை கணக்கைப் பார்த்தவன் அன்று ஆட்களைப் பார்த்தான், அதுதான் விஷயம்.

நானும் ஒர்க்‌ஷாப்பில் அவுட்டர்ன் கணக்கு எழுதியவன். காய்ச்சலோடு வந்த ஒரு கலாசியை வீட்டுக்கு அனுப்பாமல் மாதக் கணக்கை முடித்தேன். இன்றும் உறுத்துகிறது.

நம் பிள்ளைகளில் பலர் இன்று அதிகாரிகள். எண்ணுக்குப் பின்னால் ஆள் இருப்பதை அவர்களாவது மறக்க வேண்டாம்.