படத்துக்கும் வாய் வேண்டும்!

ஆண்ட்ராய்டு போனில் 'டாக்பேக்' என்றொரு வசதி உண்டு. ஐபோனில் அதற்குப் பெயர் 'வாய்ஸ்ஓவர்'. திரையில் இருக்கும் எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும். பார்வையற்றவர்கள் செய்தி படிப்பதும் டிக்கெட் எடுப்பதும் பணம் அனுப்புவதும் இதன் துணையோடுதான்.

ஆனால், படம் வந்தால் இது திணறும். படத்தைப் போட்டவர் அது என்ன படம் என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அதைப் படிக்கும். இல்லாவிட்டால் 'இமேஜ்' என்று சொல்லி நகர்ந்துவிடும். சில சமயம் ஃபைலின் பெயரை எண்ணும் எழுத்துமாக ஒப்பிக்கும். அந்த ஒரு வரிக்குப் பெயர்தான் 'ஆல்ட் டெக்ஸ்ட்', தமிழில் மாற்று உரை. வெப்சைட்டில் வழக்கமாகக் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்கும்.

இந்த ஒரு வரிக்காக ஒலிம்பிக் குழுவே அபராதம் போலப் பணம் கட்டிய கதை உண்டு. சிட்னி ஒலிம்பிக்ஸின் வெப்சைட்டில் படங்களுக்கு மாற்று உரை இல்லை என்று 1999-ல் ப்ரூஸ் மகுவயர் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார். சரிசெய்ய ஓராண்டுக்கு மேல் ஆகும் என்றது போட்டிக் குழு. சில வாரங்கள் போதும் என்றார்கள் வல்லுநர்கள். போட்டி தொடங்கும் 2000 செப்டம்பர் 15-க்குள் முடிக்கச் சொன்னது ஆணையம். குழு முழுதாகச் செய்யவில்லை. 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தர உத்தரவானது. அதற்குள் போட்டிகளே முடிந்துபோயிருந்தன.

மாற்று உரையால் இன்னொரு லாபமும் உண்டு. படத்தில் என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்ள கூகுள் இதையும் பார்க்கிறது. ஆன்லைனில் சேலை விற்கும் ஒருவர், படத்துக்கு 'மாம்பழ நிறக் காஞ்சிப் பட்டு, அரக்கு பார்டர்' என்று எழுதி வைத்தால், அப்படித் தேடுகிறவர் கண்ணில் அவர் கடை படும் வாய்ப்பு கூடும். அதற்காக 'சேலை, பட்டுச்சேலை, மலிவு சேலை' என்று அடுக்கக் கூடாது. கூகுளுக்கும் அது பிடிக்காது, கேட்பவருக்கும் எரிச்சல்.

எப்படி எழுதுவது? போனில் ஒருவருக்கு அந்தப் படத்தைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓரிரு வரி போதும். 'இது ஒரு படம்' என்று தொடங்க வேண்டாம். அதை டாக்பேக்கே சொல்லிவிடும். அழகுக்காக வைத்த பூ, கோடு போன்றவற்றுக்கு வெப்சைட்டில் மாற்று உரையைக் காலியாக விடுவதுதான் முறை. வாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்கில் படம் பதிவிடும்போதும் மாற்று உரை எழுத இடம் இருக்கிறது.

படத்தைத் தானாக விவரிக்கும் ஏ.ஐ. வந்துவிட்டதே என்று கேட்கலாம். அது 'சேலை அணிந்த பெண்' என்று சொல்லக்கூடும். விற்பது சேலையா, கழுத்தில் இருக்கும் நகையா என்பது படத்தைப் போட்டவருக்குத்தானே தெரியும்?

முக்கியமாக, பள்ளி விடுமுறை, மருத்துவ முகாம், குடிநீர் நிறுத்தம் போன்ற அறிவிப்புகளைப் படமாகப் போடுபவர்கள், அதில் உள்ள தேதியையும் இடத்தையும் எழுத்திலும் தர வேண்டும். சேலை தவறினால் வேறொன்று வாங்கலாம். முகாம் தேதி தவறினால் என்ன செய்வது?