புகழுக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

புகழ் தானாக வருவது என்று நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. நம் நாட்டில் அது காசு போட்டு உற்பத்தி செய்யப்படுகிற சரக்கு. சந்தேகமிருந்தால் 2023-ஆம் வருஷத்து அக்டோபர் மாதத்தை நினைத்துப் பாருங்கள்.

அந்த மாதம் 2-ந் தேதி சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 வினாடியில் ஓடி முடித்தார். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா ஓடிய அதே நேரம். வினாடியில் நூற்றில் ஒரு பங்கில் அவர் வெண்கலத்தைப் பறிகொடுத்த நேரம். 39 வருஷங்களாக வேறு எந்த இந்தியப் பெண்ணும் எட்டாததை இவர் எட்டினார். மறுநாள் வெண்கலமும் வென்றார். 5-ந் தேதி கிரிக்கெட் உலகக் கோப்பை ஆரம்பமாயிற்று. 8-ந் தேதி சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதின. அவ்வளவுதான், வித்யாவைப் பற்றிய பேச்சு அடங்கிவிட்டது!

தடை ஓட்டம் லேசான காரியமல்ல. இரண்டரை அடி உயரத்தில் பத்துத் தடைகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 35 மீட்டர். எத்தனை எட்டு வைப்பது, எந்தக் காலை முதலில் தூக்குவது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே ஓட வேண்டும். களைப்பில் ஓர் எட்டு குறுகினாலும் கணக்குப் பிசகிவிடும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் அருகே ஒரு டீக்கடையில் விசாரித்துப் பார்த்தேன். கிரிக்கெட் வீரர்கள் பதினொரு பேரையும் மூச்சு விடாமல் ஒப்பித்த பையன், வித்யாவின் பெயரைச் சொன்னதும், "எந்தப் படத்துல சார் நடிச்சிருக்காங்க?" என்றான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. விளம்பரப் பலகைகளில் யாருடைய முகம் சிரிக்கிறதோ, அந்த முகத்தைத்தானே அவன் அறிவான்?

"ஜனங்கள் கிரிக்கெட்டைத்தான் விரும்புகிறார்கள், நாங்கள் என்ன செய்ய?" என்பார்கள் கம்பெனிக்காரர்கள். விருப்பம் என்பது பழக்கிவிடுவதால் வருவது, ஐயா! 2022-ல், சொந்த நாட்டில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோதே, ம்யூனிக் நகரத்து ஐரோப்பியப் போட்டியில் இதே ஓட்டத்தில் வெள்ளியையும் வெண்கலத்தையும் உக்ரேன் பெண்கள் இருவர் வென்றார்கள். யுத்தம் நடக்கிற தேசம் தன் ஓட்டக்காரிகளைக் கைவிடவில்லை. லாபம் சம்பாதிக்கிற நமக்கு என்ன கேடு?

2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கிற கம்பெனிகள் லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கிராமிய விளையாட்டுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுக்கும் பயிற்சி அளிப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துத் தொழிற்சாலைகளின் புகை படிகிற அரசாங்கப் பள்ளிகளுக்குப் பத்துத் தடைகளையும் ஒரு பயிற்சியாளரையும் கொடுத்தால் கஜானா காலியாகிவிடுமா?

'இந்தப் பக்கத்தில் ஓடக்கூடிய பெண்கள் ஏது?' என்று யாராவது கேட்டால், காலை ஷிப்டுக்கு மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தின் வாசலில் போய் நின்று பார்க்கட்டும்!