நாவற்கொம்பும் கைப்பேசியும்

வாதஞ்செய்ய விரும்புவோர் ஊர் வாயிலில் நாவற்கொம்பை நட்டுவைத்து எதிராளியை அறைகூவி அழைப்பது பழைய வழக்கம். குண்டலகேசி என்னும் பெண் அவ்வாறு கொம்பு நட்டு, ஊர் ஊராகச் சென்று வாதித்தவள். அவளைப் பற்றிய பாலி மொழிக் கதையில் வாசகர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. சாரிபுத்தர் கேட்ட ஒரு கேள்விக்கு அவளுக்கு விடை தெரியவில்லை. "தெரியாது" என்று சபையறியச் சொல்லி, அவர் நெறியை ஏற்றுக்கொண்டாள். அவள் வென்ற வாதங்கள் எத்தனையோ இருக்க, அவள் தோற்ற வாதமே இன்றுவரை நினைக்கப்படுகின்றது.

இக்காலத்தில் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு நாவற்கொம்பு இருக்கின்றது. அதற்குக் கைப்பேசி என்று பெயர். கடவுள் உண்டா, பொதுவுடைமை நடக்குமா, தமிழன் எங்கே தாழ்ந்தான், எந்தக் கட்சி நாட்டைக் கெடுத்தது என்று நள்ளிரவில், முகமறியாதவரோடு, மூன்று கண்டங்களிலும் வாதம் நடக்கின்றது. இத்தனை வாதத்திலும் "இந்த ஓர் இடத்தில் நான் தவறினேன்" என்று எழுதியவரை வாசகர்கள் எத்தனை முறை கண்டிருக்கிறார்கள்? தோல்விக்கே இடம் வைக்காத வாதம் வாதமாகாது. அது கூட்டத்துக்குக் காட்டும் சிலம்பாட்டம் என்பதே நமது கட்சி.

இதைச் சொன்னவுடன் கனவான்கள் சிலர், "அதனால்தான் சொல்லுகிறோம், முன்பின் தெரியாதவரோடு அரசியல் பேசாதீர், பிழைப்பைப் பாரும்" என்று புத்தி கூற வருவார்கள். அவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. தெரிந்தவரோடு மட்டுமே பேசுவதென்றால், முதலாளி முதலாளியோடும் மண்டோர் மண்டோரோடும் பேசி, இருப்பதே சரியென்று எழுந்துபோவார்கள். 1929-ல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் 'முன்னேற்றம்' பத்திரிகையைத் தொடங்கியதும், அவ்வாண்டின் இறுதியில் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்து பேசியதும், 1932-ல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியதும், 1935 ஜூலையில் 'தமிழ் முரசு' வெளிவந்ததும் தெரிந்தவர்களுக்குள் நடந்த சம்பாஷணைகளா? தம்மை வெறுத்தவர்களை நோக்கிச் செய்யப்பட்ட வாதங்களல்லவா? அதே காலத்தில், 1930 முதல் 1934 வரை, கிளமெண்டி என்பவர் இங்கே ஆளுநராயிருந்தார். அவர் சீனர்களின் கோமிண்டாங் கட்சியைத் தடுத்தார். தாய்மொழிப் பத்திரிகைகளுக்குத் தணிக்கை வைத்தார். ஆளுகிறவர்கள் ஜனங்களின் பேச்சுக்குப் பயப்படுவதில் ஆச்சரியமில்லை. ஜனங்களே ஒருவர்க்கொருவர் "பேசாதே" என்று சொல்லிக்கொள்வதுதான் ஆச்சரியம்.

ஆகவே பேசவேண்டும். எப்படிப் பேசக்கூடாது என்பதை, கிளமெண்டி வட்டாரத்திலேயே நாம் கற்றுக்கொண்டோம். வெட்கத்தோடுதான் அதை எழுதுகிறோம்.

நாம் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. பள்ளிப்படிப்பு முழுவதும் சிங்கப்பூரில், கிளமெண்டியிலுள்ள அத்தை வீட்டில் தங்கி, ஆங்கிலத்தில் முடிந்தது. சென்ற ஆண்டு அத்தையைப் பார்க்கப் போயிருந்த ஓர் இரவு, புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசையில் உட்கார்ந்து முகமறியாத ஒருவரோடு கைப்பேசியில் வாதித்துக்கொண்டிருந்தோம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளை மூடிவிடலாம் என்பது அவர் கட்சி. நாம் விடுவோமா? மலாயா விடுதலையடைந்த 1957-ல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500-க்குச் சற்று மேல்தான் இருக்கின்றன என்று கணக்கெடுத்து வைத்தோம். அது போதாதென்று அவரைத் தமிழ்த் துரோகி என்றோம். வயிற்றுப்பிழைப்புக்கு மொழியை விற்பவர் என்றோம். பார்த்திருந்தவர்கள் கைதட்டல் குறியிட்டார்கள். ஒவ்வொரு குறிக்கும் நமது சொல் ஒரு படி கூர்மையேறியது. தண்ணீர்ச் செம்போடு கீழே இறங்கி வந்த அத்தை, "யாரோடு இந்நேரத்தில் சண்டை?" என்று கேட்டார்கள். "தெரியாது, அத்தை" என்றோம்.

விடியுமுன் அவரிடமிருந்து பதில் வந்தது. தாம் தோட்டத்துப் பள்ளியிலேயே படித்தவர் என்றும், ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து நடத்தியதாகவும், இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது மலாய் விளங்காமையால் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்ததாகவும், அந்த ஓராண்டில் தம்மோடு சேர்ந்தவர்களில் பலர் படிப்பை விட்டுத் தோட்டத்துக்கே திரும்பிவிட்டதாகவும் எழுதியிருந்தார். முடிவில் ஒரே கேள்வி: "ஐயா, தாங்கள் எந்தத் தமிழ்ப்பள்ளியில் படித்தீர்கள்?"

தமிழ்ப்பள்ளியின் பலகையில் ஒருநாளும் உட்காராத நாம், அதில் ஆறாண்டு உட்கார்ந்தவருக்குத் துரோகிப் பட்டம் சூட்டியிருந்தோம். கணக்கு நம்மிடம் இருந்தது. அனுபவம் அவரிடம் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்திருந்தால், ஆளில்லாத தோட்டத்திலிருந்து பள்ளியைத் தமிழர் குடியேறிய பட்டணத்துக்கு மாற்றவும், ஆசிரியரைப் பெருக்கவும் என்ன செய்யலாமென்று இருவரும் பேசியிருக்கலாம். பள்ளிகள் நிலைக்கவேண்டும் என்ற நமது எண்ணம் மாறவில்லை. ஆனால் அவர் சொன்ன குறை உண்மை. அதை நாம் அதற்குமுன் கேட்டதில்லை. நான்கு நாள் கழித்து அப்படியே அவருக்கு எழுதினோம். அவர் பதில் தரவில்லை. தரவேண்டிய கடமையும் அவருக்கில்லை.

முகமறியாதாரோடு வாதித்துப் பயன் காணவே முடியாதோ என்று கேட்பவர்களுக்குச் சிங்கப்பூரிலேயே விடையுண்டு. இணையத்தில் தமிழ் எழுதுவதற்கு முதலில் வழி கண்டவர்களுள் ஒருவர் இவ்வூர் நா. கோவிந்தசாமி. 1997 மே மாதம் இங்கே தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. அப்போது ஒருவர் கணினியில் எழுதிய தமிழை வேறு எழுத்துரு வைத்திருந்த மற்றவர் படிக்க முடியாது. நமது எழுத்துகளோ 247. அன்றைய முறையில் தமிழுக்குக் கிடைத்த இடங்களோ 128 மட்டுமே. எந்த எழுத்தை எந்த இடத்தில் வைப்பது என்று, கோலாலம்பூரிலிருந்து முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம், இன்னும் பல நாட்டுத் தமிழர் மின்னஞ்சலிலேயே வாதித்தனர். அந்த வாதத்தில் பிறந்தது 'திஸ்கி' என்னும் பொதுக் குறிமுறை. பின்னர் ஒருங்குறி வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது உண்மை. ஆயினும் இடையிலிருந்த ஆண்டுகளில் கடல்கடந்த தமிழர் ஒருவரையொருவர் படிக்க அதுவே உதவியது. அவ்வாதிகள் நம்மைவிடச் சாதுக்கள் என்பதல்ல காரணம். அவர்கள் முன்னே முடிவுசெய்ய வேண்டிய காரியம் ஒன்றிருந்தது. ஒரே இடத்தில் இரண்டெழுத்தை வைக்க இயலாது. ஆகையால் எவரேனும் விட்டுக்கொடுத்தே தீரவேண்டும்.

மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி மாநகரத்துச் சமயக்கணக்கர் பலரிடமும் மணிமேகலை சென்று, ஒவ்வொருவர் கொள்கையையும் அவரவர் வாயாலேயே சொல்லக் கேட்கிறாள். அதற்காகவே ஒரு காதை, 27-ஆம் காதை, ஒதுக்கப்பட்டிருக்கின்றது. நாம் ஒரு நிமிஷமேனும் ஒதுக்குகிறோமா? எதிராளியின் கட்சியை, "ஆம், நான் சொல்லுவது இதுவே" என்று அவரே ஒப்பும்படி எடுத்துச் சொல்ல முடியாதவனுக்கு அதை மறுக்கும் யோக்கியதை இல்லை. எந்தச் சான்று வந்தால் தன் கருத்தை விடுவான் என்று சொல்ல முடியாதவன் வாதத்துக்கு வந்தவனே அல்லன்.

தோட்டத்துத் தோழர்களே, பட்டணத்து நண்பர்களே! கைப்பேசியைக் கீழே வைக்கும்படி நாம் சொல்லவில்லை. கொம்பை நட்டால், தோற்றபோது அதைப் பிடுங்கும் நேர்மையும் வேண்டும் என்கிறோம். இக்கட்டுரையை மறுப்பவர்கள் தாராளமாக மறுத்தெழுதட்டும். தவறு நம்முடையதென்று காட்டினால், இதே பக்கத்தில் ஒப்புக்கொள்ளுவோம்.