அகல டயருக்கு இடம் எங்கே?

கம்பெனி கொடுத்த டயரைக் கழற்றிவிட்டு, அதைவிட அகலமான டயரையும் ரிம்மையும் மாட்டுவதில் இன்றைய கார் பிரியர்களுக்குத் தனி மோகம். அகல டயர் மாட்டினால் வண்டிக்குக் கம்பீரம் கூடும். திருப்பத்தில் சாலையையும் நன்றாகப் பிடிக்கும். இதெல்லாம் ஓரளவு உண்மையே. ஆனால் அந்த அகலத்துக்கு இடம் எங்கிருந்து வருகிறது?

மறைந்திருக்கும் காவலன்

மட்கார்டின் உள்பக்கம் வளைவாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதற்கு 'பெண்டர் லைனர்' என்று பெயர். சக்கரம் வாரியடிக்கும் சேறும் தண்ணீரும் ஜல்லியும் தகரத்திலும் ஒயர்களிலும் படாமல் காப்பது அதன் வேலை. இடம் போதவில்லை என்றதும் முதலில் கத்தி பாய்வது இந்த லைனர் மீதுதான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 205/55 ஆர் 16 டயருக்குப் பதிலாக 225/45 ஆர் 17 டயரை மாட்டினால், மொத்த உயரம் 2 மில்லிமீட்டர்தான் கூடும். அகலமோ 20 மில்லிமீட்டர் கூடும். அதாவது பக்கத்துக்கு 10 மில்லிமீட்டர். ரிம்மின் அமைப்பும் மாறினால், சக்கரம் இன்னும் உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும். நேர்ச்சாலையில் ஒன்றும் தெரியாது. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போதும், பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போதும்தான் உரசல் தொடங்கும்.

பட்டறையில் இதற்கு இரண்டு வைத்தியம் செய்கிறார்கள். ஒன்று, சூடான காற்றால் லைனரை இளக்கிப் பின்னுக்குத் தள்ளுவது. மற்றது, வெட்டி எடுப்பது. பின்னால் ஒயர் எதுவும் இல்லாத இடத்தில், கவனமாகத் தள்ளினால் கேடு குறைவு. வெட்டினாலோ, மழைக்காலச் சேறு நேரே உள்ளே போகும். நாளடைவில் தகரம் துருப்பிடிக்கும். லைனர் போன இடத்தில் தகர விளிம்பு டயரின் பக்கச்சுவரை அறுக்குமானால், வேகமாகப் போகும்போது டயர் வெடிக்கவும் கூடும். அப்போது ஆபத்து காரில் இருப்பவருக்கு மட்டுமல்ல, எதிரே வருபவருக்கும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தச் சட்டம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதித்தது.

ஆனால் வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டுமான மாறுதலையே அந்தப் பிரிவு 'மாற்றம்' என்கிறது. உள்ளே ஒளிந்திருக்கும் பிளாஸ்டிக்கை வெட்டுவது அதில் சேருமா? சேரும், சேராது என்று இரு தரப்பும் வாதாடலாம். இந்த மயக்கத்தில்தான் பட்டறைக் கத்தி வேலை செய்கிறது.

ஜெர்மனியில் வழி வேறு. அங்கே இத்தகைய சக்கரம் மாட்டுவோர், 'டியூவ்' போன்ற அமைப்பின் நிபுணரிடம் வண்டியைக் காட்ட வேண்டும். சக்கரம் எங்கும் உரசவில்லை என்று அவர் கண்டால் சான்று தருவார். ஆசைக்கும் இடம் உண்டு, பரிசோதனையும் உண்டு.

நம் நாட்டிலும் இதற்குக் கதவு திறந்தே இருக்கிறது. வண்டி மாற்றங்களுக்கான தரத்தையும் நிபந்தனையையும் மத்திய சர்க்கார் வகுக்கலாம் என்று 2019-ம் ஆண்டுத் திருத்தமே கூறுகிறது. எந்த அளவு டயர் வரை கூடும், லைனரில் எதைத் தொடலாம், யார் சோதிப்பது என்பனவற்றைத் தெளிவாக எழுதிவைத்தால் ஒளிவுமறைவுக்கு வேலை இராது.

அதுவரை கார் உரிமையாளர்கள் செய்யத் தக்கது ஒன்று. உற்பத்தியாளர் அனுமதித்த டயர் அளவு கதவுத் தூணிலோ கையேட்டிலோ அச்சிடப்பட்டிருக்கும். பட்டறைக்குப் போகுமுன் அதை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.