வீடு திரும்ப வேண்டிய உபதேசம்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் இருப்புப்பாதையில், சிப்காட் ஆலைகளின் அண்டையிலுள்ள செம்மங்குப்பத்தில், 2025 ஜூலை 8 காலை பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர் மாண்ட அன்றிரவு, இவ்வட்டாரத்துக் கிறிஸ்தவ இல்லங்களில் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்த பதினைந்து பிராயத்துப் பிள்ளையின் மனத்தில் எந்தக் கேள்வி எழுந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஞானம் வேண்டியதில்லை. “ஆண்டவர் ஏம்பா இதை விட்டாரு?” அதற்கு விடை அறியாத தகப்பன், அறியேன் என்று ஒப்புக்கொண்டு பிள்ளையோடு மௌனமாக அழுதானா, அல்லது “அப்படியெல்லாம் கேட்கக்கூடாது, வேணும்னா ஐயர்கிட்ட கேளு” என்று வாயடைத்தானா என்பதைப் பொறுத்தே அப்பிள்ளையின் பிற்கால விசுவாசம் பெரும்பாலும் அமையும் என்பது என் அபிப்பிராயம்.

இப்படிப் போதகராகிய ஐயரிடம் அனுப்பும் வழக்கத்துக்குச் சபையின் வாலிபர் ஊழியமும் ஒருவகையில் உடந்தை. ஞாயிறு பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி, திடப்படுத்தல் வகுப்பு, வாலிபர் ஐக்கியம் என்று பருவந்தோறும் பிள்ளையை ஏற்றுக்கொண்ட நாம், பெற்றோரை ஆண்டுவிழா நாடகத்துக்குக் கைதட்ட மட்டுமே அழைத்தோம். டேனிஷ் மிஷனில் தோன்றிக் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை இருக்கும் ஊரில் இது விநோதமே. ஏனெனில், சாக்சனி நாட்டுச் சபைகளைச் சுற்றிப் பார்த்து, ஜனங்களின் அறியாமை கண்டு மனம் வெதும்பிய மார்ட்டின் லுத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம், குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிதாய்க் கற்பிக்க வேண்டிய விதத்தைச் சொல்லும் நூல். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனெரி சீகன்பால்கு தமிழாக்கிய நூல்களுள் அதுவும் ஒன்று. வீட்டுத் திண்ணைக்கு எழுதப்பட்டதை வகுப்பறையில் பூட்டிவைத்தோம்.

இரவு ஷிப்டு முடித்து ஞாயிறு காலை கண்ணெரிச்சலோடு வீடு திரும்பும் ஆலைத் தொழிலாளிக்கு உபதேசம் செய்யச் சக்தி ஏது என்று கேட்கலாம். நியாயமே. அவ்வார வகுப்பில் பேசிய விஷயம் இன்னது, பிள்ளைகள் கேட்ட கேள்வி இன்னது என்று, யார் கேட்டது எனச் சொல்லாமல், ஒரு துண்டுத்தாளில் எழுதி அவன் கையில் சேர்ப்பித்தால் அவனுக்குச் சாப்பாட்டு வேளையே போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை. வாலிபர் தலைவன் பெற்றோரின் ஒற்றனாகிவிடலாகாது. பிள்ளை நம்பிச் சொன்ன காதலையும் சந்தேகத்தையும் மறுநாளே வீட்டில் ஒப்பித்தால் அடுத்த வாரம் அப்பிள்ளையின் நாற்காலி காலியாகவே இருக்கும். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் மட்டும், பிள்ளைக்கு அறிவித்துவிட்டே, பேச வேண்டியவரிடம் பேசவேண்டும். மற்றவற்றை, “இதை அம்மாவிடம் நீயே சொல், வேண்டுமானால் நான் பக்கத்தில் இருக்கிறேன்” என்று பிள்ளையின் வாயாலேயே வீட்டுக்குச் சேர்ப்பதே அத்தலைவனின் ஊழியம்.

சபைப் பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம்: அடுத்த திடப்படுத்தல் வகுப்பு தொடங்கும் நாளில், பிள்ளைகளுக்குப் பின்னால் பெற்றோருக்கும் ஒரு வரிசை நாற்காலி போடுங்கள்.