மோட்டாருக்கு மட்டுமா கடன்?

நம் பத்திரிகையைப் படிக்கும் நெசவாளர் வீட்டிலும் உழவர் வீட்டிலும் இன்று பொதுவாகக் காணப்படுவது வீட்டையொட்டிய ஒரு கொட்டகை. செயங்கொண்டம், உடையார்பாளையம் பக்கத்தில் அது தறிக்கொட்டகை. மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பெரம்பலூர்ப் பக்கத்தில் அது கருவிக் கொட்டகை. முன்னதில் தார் சுற்றும் மோட்டாரும், ஜக்கார்டு தூக்கும் மோட்டாரும் வந்து சேர்ந்துள்ளன. பின்னதில் சோளம் உதிர்க்கும் இயந்திரமும், புல் நறுக்கும் இயந்திரமும் இடம் பெற்றுள்ளன. இவை வரவேற்கத்தக்கவையே. ஆனால் அக்கொட்டகைக்கு மின்சாரம் எவ்வழியாகச் செல்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்?

ஒரு மழைக்காலத்தில், சிற்றூர் ஒன்றில் அங்கத்தினர் வீடுகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். ஒரு வீட்டில் சமையலறைச் சுவிட்சிலிருந்து சன்னல் வழியாகக் கம்பி இழுத்து, நடுவே துணி சுற்றி ஒட்டுப்போட்டு, தார் சுற்றும் மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் செல்வதற்கு ஒரு வாரம் முன்பு, நனைந்திருந்த அவ்வொட்டில் கைபட்டு அவ்வீட்டு அம்மையார் தூக்கியெறியப்பட்டிருந்தார். உயிர் பிழைத்தார், எனினும் வலக்கை இழையைப் பிடிக்க மறுத்தது. மோட்டார் சங்கக் கடனில் வாங்கியது. அக்கடன் மனுவில் மோட்டாரின் விலை இருந்தது; கம்பியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அம்மனுவை ஆய்ந்து ஒப்பமிட்டவன் நானே. எனவே இக்கட்டுரையைப் பிறர்மேல் குறை காணும் நோக்குடன் எழுதவில்லை.

அரசு செய்ய வேண்டியதைச் செய்யாமலில்லை. 2023 மார்ச்சு முதல் இரு திங்களுக்கொருமுறை கைத்தறியாளருக்கு 300 யூனிட்டும், விசைத்தறியாளருக்கு 1,000 யூனிட்டும் கட்டணமின்றி அளிக்கப்படுமென அறிவிக்கப்பட்டது. ஆனால் மின்சாரத்தை மீட்டர் வரையில் கொண்டு வருவதே மின் கழகத்தாரின் பொறுப்பு. மீட்டருக்கு அப்பால் உள்ள கம்பி நம்முடையது. அதனால் விளையும் நன்மையும் தீமையும் நம்முடையவை.

கணக்கொன்றைப் பார்ப்போம். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஒரு குதிரைத்திறனுள்ள மோட்டார் 230 வோல்ட்டில் ஓடும்போது சுமார் 6 ஆம்பியர் இழுக்கும்; கிளம்பும் கணத்தில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். கொட்டகை மீட்டரிலிருந்து 30 மீட்டர் தள்ளியிருந்தால், மின்சாரம் போய் வரும் தூரம் 60 மீட்டர். இதற்கு ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போட்டால், மோட்டார் கிளம்பும்போது சுமார் 26 வோல்ட் கம்பியிலேயே வீணாகும். நான்கு சதுர மில்லிமீட்டர் கம்பியானால் சுமார் 10 வோல்ட்தான் குறையும். அந்தி நேரத்தில் ஊர் மின்னழுத்தமே தாழ்ந்திருக்குமாயின், மெல்லிய கம்பியில் மோட்டார் கிளம்ப மாட்டாது உறுமி நிற்கும், சுருள் எரியும். கம்பியும் சூடேறும். மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பிள்ளைகளும் படிக்கும் பாடம்.

இதனினும் பெரிய அபாயம் மண் இணைப்பில்லாமை. குழித்தறியில் அமர்ந்தவரின் கால்கள் குழிக்குள், மண்ணின் ஈரத்தோடு இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் குழியில் நீர் ஊறுவது எல்லாரும் அறிந்ததே. கசிந்த மின்சாரம் மண்ணை அடைய அவர் உடலே வழியாகிவிடும். ஆதலால் மூன்று ஏற்பாடுகள் இன்றியமையாதவை. வீட்டுப் பலகையிலிருந்து கொட்டகைக்கென்றே தனிக் கம்பியும், கைக்கெட்டும் தூரத்தில் தனிச் சுவிட்சும் வேண்டும். முறையான மண் இணைப்பு வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. என்னும் உயிர் காக்கும் கருவியும் வேண்டும். உரிமம் பெற்ற மின் பணியாளரே இவற்றைச் செய்தல் வேண்டும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. துணை வேலைகளுக்கு மோட்டார் வைப்பது வேறு; தறியையே மோட்டாரால் ஓட்டுவது வேறு. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி, விசைத்தறி அல்லாத தறியே கைத்தறி. உழவர்களும், பாசன மோட்டாருக்குப் பெற்ற இலவச இணைப்பிலிருந்து பற்றவைப்புப் பட்டறைக்கோ தறிக்கோ கம்பி இழுத்தல் கூடாது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி, அவ்வாறு பயன்படுத்தியதற்கு இருமடங்குக் கட்டணம் விதிக்கப்படும்.

கம்பிக்கும் கடன் கொடுங்கள் என்று சொன்னால் நிர்வாகக் குழுவினர் ஒரு தடை எழுப்புகின்றனர். மோட்டாரைக் காட்டிக் கடனை வசூலிக்கலாம். சுவரில் பதித்த கம்பியை யார் பெயர்த்தெடுப்பது என்கின்றனர். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் எரிந்துபோன மோட்டார் எந்தக் கடனுக்கு ஈடாகும்? அங்கத்தினர் கை முடங்கினால் தவணையை யார் கட்டுவது? கடனுக்கு உண்மையான ஈடு அங்கத்தினரின் உழைப்பே. அதைக் காக்கும் கம்பிக்குக் கொடுக்கும் பணமே சங்கத்தின் பத்திரமான பணம்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரான்சு நாட்டுச் செயின்ட் எத்தியேன் நகரில் ரிப்பன் நெய்வோரின் வீட்டுத் தறிகளுக்கே மின்சாரம் கொண்டுசெல்லப்பட்டது. தொழிலாளி ஆலையைத் தேடிப் போகாமல், விசை அவர் வீட்டைத் தேடி வந்தது. சிறு தொழிலாளி தம் வீட்டிலேயே தலைநிமிர்ந்து வாழ மின்சாரம் துணை நிற்கும் என்பதற்கு அது சான்று. அத்துணை நமக்கும் கிட்டியிருக்கிறது. அது வீட்டுக்குள் வரும் வழியைச் செம்மைப்படுத்துவதே எஞ்சிய வேலை.

ஆதலின் சங்கங்களுக்கு என் வேண்டுகோள் இது. இயந்திரக் கடன் மனுவில் கம்பி, மண் இணைப்பு, ஆர்.சி.டி. ஆகியவற்றின் செலவையும் ஒரு பகுதியாகச் சேருங்கள். மின் பணியாளரின் சான்று வந்த பின்னரே இறுதித் தவணையை வழங்குங்கள். பத்து அங்கத்தினரின் வேலையை ஒன்றுசேர்த்து ஒரே பணியாளரிடம் பேசினால் கூலியும் குறையும். கூட்டுறவின் பயன் அதுவன்றோ? அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்திலேயே இதற்கான தீர்மானத்தைக் கொண்டுவாருங்கள். இனி நானும், கம்பியைக் கண்ணால் காணாமல் எந்த மோட்டார் மனுவிலும் ஒப்பமிடப் போவதில்லை.