குடிநோய்க்குக் காப்பீடு எங்கே?



போதை மறுவாழ்வு மையங்கள் பற்றிய உங்கள் இதழின் கட்டுரை, செலவைப் பற்றி மூச்சுவிடவில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருளால் வரும் மனநலக் கோளாறுகளையும் மனநோய் என்றே வரையறுக்கிறது. உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தரவும் சொல்கிறது. பாலிசியைப் புரட்டினாலோ, விலக்குப் பட்டியலில் குடி, போதைச் சிகிச்சை! பிறகு குடும்பத்தார் நகையை அடகு வைக்காமல் என்ன செய்வார்கள்?

மறுவாழ்வு மையத்தில் அட்வான்ஸ் கட்டுமுன் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் கேட்க வேண்டும். மனநல மருத்துவர் எப்போதெல்லாம் வருவார், வீட்டாரோடு போனில் பேச விடுவார்களா என்பதையும்தான். "மூன்று மாதம் பார்க்கவே வராதீர்கள்" என்கிற இடம் வேண்டவே வேண்டாம். 2001இல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டுண்டு 28 பேர் கருகிய மாநிலம் இது. கட்டணமில்லா போதை மீட்பு உதவி எண்ணான 14446இல் முதலில் விசாரிக்கலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலும் கேட்கலாம்.

– வாசகி, திண்டுக்கல்